கண்ணை மூடிக்கொண்டு குடித்த தேநீர்

கிளிநொச்சி நகரத்தில் ஒரு கடைக்காரர் எங்கள் கறித்தூள் பக்கற்றைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "தூள் நல்லாத்தான் இருக்கும் தங்கச்சி. ஆனா சனம் பேரைப் பார்த்துத்தான் வாங்குது. ருசியை ஆர் பார்க்கினம்?" என்றார்.

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. வியாபாரத்தில் கண்டதைச் சொன்னார். ஆனால் என்னோடு வந்திருந்த இரண்டு சகோதரிகளுக்கும் முகம் கறுத்துவிட்டது. செத்தல் மிளகாயை வெயிலில் காயவைத்து, மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் நெருப்புக்கு முன்னால் நின்று வறுத்து, மில்லில் வரிசையில் நின்று அரைத்து வந்தவர்கள் அவர்கள்.

எங்கள் குழுவில் பதினொரு பெண்கள். பெரும்பாலானோர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். சுழற்சிக் கடனாக ஒரு தொகை அப்போது கைக்கு வந்திருந்தது. அதைக் கொண்டு கொழும்பில் வர்ணப் பக்கற் அச்சடிக்க வேண்டும் என்று பாதிப்பேர் நின்றார்கள். "ருசி இருந்தால் சனம் தேடி வரும், பக்கற்றுக்குக் காசைக் கொட்டுறதோ?" என்று மற்றப் பாதிப்பேர் நின்றார்கள். மூன்று கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. விலை கூடிய பெயருக்கும் மலிந்த பொருளுக்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்குத் தெரியுமா, கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமா என்பதே உண்மையில் அந்தச் சண்டை. அதற்கு விடை தெரியாமல் கடன் காசைத் தொடுவதற்கு எனக்கும் பயமாக இருந்தது.

பொதிசெய்தலை நேரில் பார்க்கட்டும் என்று பெப்ரவரி மாதத்தில் மலையகத்துக்கு ஒரு பயணம் ஒழுங்கானது. வானில் பதினொரு பெண்கள், நான், சாரதி. மதியச் சாப்பாட்டுப் பார்சல், இரவுச் சமையலுக்கு அரிசி, எங்கள் சொந்தத் தூள் இரண்டு கிலோ. வெளியூர்த் தூளில் சமைத்துச் சாப்பிட ஒருவருக்கும் மனமில்லை.

ஏ9 வீதி என்றால் எங்களுக்கு ஓமந்தையும் முகமாலையும்தான் நினைவுக்கு வரும். 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டு 2009இல் மறுபடி திறக்கப்பட்ட வீதி. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்ற வீதி. யாழ்ப்பாணத்திலிருந்து 321 கிலோமீற்றர் ஓடி அது கண்டியில் முடிகிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், நானும் அதை முழுவதுமாகக் கடந்தவள் அல்ல. வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளையில் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் வரத் தொடங்கியதும் வானுக்குள் ஒரு கலகலப்பு. மிளகுக் கொடியை மரத்தில் கண்டவர்கள் எங்களில் இருவர்தான். "இந்த றோட்டுக்கு இந்தப் பக்கமும் ஒரு முனை இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்" என்றார் பரந்தன் அக்கா.

கண்டி, பேராதனை, கம்பளை. அங்கிருந்து வீதி வளைந்து வளைந்து ஏறுகிறது. கம்பளை தாண்டியதும் எங்கள் புசல்லாவை அம்மா, ஒருவரிடமும் கேட்காமல் எழுந்து வந்து யன்னலோர இருக்கையில் அமர்ந்தார். அவரை ஊரில் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய ஏராளமான தோட்டக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வரும்போது அவருக்கு ஒன்பது வயது. அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவேயில்லை. நாங்கள் குடிக்கும் தேயிலையைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

றம்பொடைக்கு மேலே, நுவரெலியாவை நோக்கிப் போகும் வழியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குள் எங்களை விட்டார்கள். வாசலிலேயே அந்த மணம். பச்சை இலையும் பழம் போன்ற ஒரு இனிப்பும் கலந்த மணம். மேல் தட்டில் நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு இரவு முழுவதும் வாட வைக்கிறார்கள். வாடிய இலை கீழே இறங்கி உருட்டும் இயந்திரத்தில் நசிகிறது. நசிந்த இலை காற்றுப் பட்டுச் செம்பு நிறமாக மாறுவதைப் புளிக்க வைப்பது என்கிறார்கள். சரியான நேரத்தில் சூட்டடுப்புக்குள் போகாவிட்டால் எல்லாம் வீண். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். கொழுந்து பறிப்பவரின் கூடையை மனதில் வைத்துக் கணக்குப் பார்த்த பரந்தன் அக்கா ஒன்றும் பேசவில்லை.

கடைசியில் சல்லடை. இங்கேதான் நாங்கள் இத்தனை காலமும் தவறாக நினைத்திருந்த ஒன்று வெளித்தது. பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று பக்கற்றில் போடுகிறார்களே, அவை நல்லது, நடுத்தரம், மட்டம் என்ற வரிசை அல்ல. துகளின் அளவு. ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் பறித்த ஒரே கொழுந்துதான் சல்லடையில் பெரிதாகவும் சிறிதாகவும் பிரிகிறது. சின்னத் துகள் விரைவாகச் சாயம் விடும், கடுப்பாக இருக்கும். நல்ல தோட்டத்து டஸ்ட் கொழும்பு ஏலத்தில் இன்னொரு தோட்டத்து பி.ஓ.பி.யை விடக் கூடிய விலைக்குப் போவதும் உண்டு. 1867இல் லூல்கந்தூரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலாக வர்த்தக ரீதியில் தேயிலை நட்டார். 1883இல் கொழும்பு ஏலம் தொடங்கியது. 2020 முதல் அது கணினி வழியாக நடக்கிறது. ஆனால் வாங்குவதற்கு முன் மனித நாக்கு ருசித்தே ஆக வேண்டும் என்பது மட்டும் இன்னும் மாறவில்லை.

அந்த ருசி பார்க்கும் அறைதான் எங்களுக்குப் பள்ளிக்கூடமானது. நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நிறையில் தேயிலை, ஒரே அளவு கொதிநீர், ஐந்தாறு நிமிடம். சீனி இல்லை, பால் இல்லை. தோட்டத்தில் பிறந்து படித்து உத்தியோகத்துக்கு வந்த தம்பி ஒருவர் கரண்டியால் அள்ளி "சர்ர்" என்று பெருஞ்சத்தத்துடன் உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பினார். எங்கள் ஆட்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "உப்பிடி உறிஞ்சினா எங்கட வீட்டிலை அடிதான் விழும்" என்றார் ஒருவர். அவரும் சிரித்துவிட்டு விளக்கினார். உறிஞ்சும்போது தேநீர் தூவானமாகி அதன் ஆவி மூக்குக்குப் போகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம். (வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சூடும் கசப்பும்தான் மிஞ்சும்.)

"இதில எது கூடின விலை, சொல்லுங்க பாப்பம்" என்று ஐந்து கோப்பைகளைக் காட்டினார். எல்லோரும் ஒரே குரலில் கடும் சிவப்பாக இருந்ததைக் காட்டினோம். அது டஸ்ட். அன்றைக்கு அந்த ஐந்தில் அவர் உயர்வாக மதித்தது, நாங்கள் "சாயமே இல்லை" என்று ஒதுக்கிய வெளிர் மஞ்சள் கோப்பை. ஆறாயிரம் அடிக்கு மேலே, வரண்ட காற்று வீசும் மாதங்களில் பறித்த கொழுந்து மெல்லிய சாயமும் பூப்போன்ற மணமும் தருமாம். புசல்லாவை அம்மா மட்டும் அந்தக் கோப்பையை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

நான் அந்தத் தம்பியிடம் எங்கள் சண்டையைச் சொன்னேன். பெயர் பெற்ற கொம்பனிகளின் தேயிலை உண்மையிலேயே திறமோ என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அன்றிரவே குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். கடையில் வாங்கும் பக்கற் தேயிலையில் பெரும்பாலானது ஒரு தோட்டத்துடையது அல்ல. ஏலத்தில் பல தோட்டங்களின் தேயிலையை வாங்கிக் கலக்கிறார்கள். மழை கூடினாலும் குறைந்தாலும் போன மாதக் கோப்பையும் இந்த மாதக் கோப்பையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கலவை. "ஆகத் திறமா இருக்கணும்னு சனங்க கேக்கிறதில்லைங்க. நேத்து மாதிரி இருக்கணும்னுதான் கேக்கிறாங்க." பக்கற்றில் உள்ள சிங்கச் சின்னம் பற்றியும் சொன்னார். அது இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இங்கேயே பொதி செய்தால்தான் போடலாம். ருசிக்கு அது உத்தரவாதம் அல்ல, ஊருக்கு உத்தரவாதம். வரும்போது இன்னொன்றும் எச்சரித்தார்: தேயிலை அக்கம்பக்கத்து மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். சவர்க்காரம், மசாலாவுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

அன்றிரவு தங்கிய வீட்டுச் சமையலறையில் நாங்களே ஒரு சோதனை வைத்தோம். யோசனை என்னுடையது அல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியலோடு புள்ளிவிபரவியலும் படித்தபோது எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு கதை அதன் மூலம். 1920களில் இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை செய்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைத் தன்னால் ருசித்தே சொல்ல முடியும் என்றார். கூட இருந்தவர்கள் நம்பவில்லை. ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளிவிபர அறிஞர் சோதனை வைத்தார். பின்னர் அவர் 1935இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் அதை எட்டுக் கோப்பைச் சோதனையாக விளக்கினார். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். சும்மா குருட்டுவாக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்றே பின்னாளில் பதிவாகியிருக்கிறது. ஒரு பெண்ணின் நாக்கை நம்பாததில் பிறந்த கதை உலகமெங்கும் பாடமாகிவிட்டது.

நாங்கள் மூன்று கோப்பை முறையைச் செய்தோம். இரண்டில் ஒரே தேயிலை, ஒன்றில் வேறு. கண்ணை மூடிக்கொண்டு குடித்து, எது வேறு என்று சொல்ல வேண்டும். நுவரெலியா கடையொன்றில் வாங்கிய அழகான பெட்டித் தேயிலை ஒன்று, எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கும் மலிவுப் பக்கற் ஒன்று. பெட்டியின் விலைக்கு மற்றதில் ஐந்து வாங்கலாம்.

முதலில் நாங்கள் வழமையாகக் குடிப்பதுபோல் பால்மாவும் சீனியும் போட்டு. பதினொரு பேரில் நால்வர் சரியாகச் சொன்னார்கள். மூன்றில் ஒன்று என்பதால் சும்மா சொன்னாலே மூன்று நான்கு பேருக்குச் சரிவரும். ஆக, பால்மாவுக்குள் அந்த ஐந்து மடங்கு விலை கரைந்து போய்விட்டது. அடுத்து வெறும் தேநீர். இம்முறை எட்டுப்பேர் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த எட்டுப்பேரில் ஐந்து பேருக்குப் பிடித்தது மலிவானது. "மற்றது வெறும் சுடுதண்ணி மாதிரிக் கிடக்கு மிஸ்."

பதினொரு பேரை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல நான் துணியவில்லை. ஆனால் நாக்குக்கு வித்தியாசம் தெரிவது ஒன்று, தெரிந்ததில் எது உயர்ந்தது என்பது வேறொன்று என்பதை அந்த மேசையில் கண்டேன். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் போர்தியு 1979இல் எழுதிய நூலில், நல்ல ரசனை என்று நாம் சொல்வது பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்தும் வசதியிலிருந்தும் வருவது என்று வாதிட்டார். பரீட்சைக்காகப் படித்ததை அந்தச் சமையலறையில்தான் விளங்கிக்கொண்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி கிடைக்காமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கடும் சாயம் குடித்து வளர்ந்த நாக்குக்கு, மெல்லிய பூமணம் எப்படி உயர்வாகத் தெரியும்? 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஒரே திராட்சை மதுவை 10 டொலர் என்றும் 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டொலர் என்று கேட்டவுடன் அதுவே ருசி என்றார்கள். மூளையில் இன்பத்தை உணரும் பகுதிகூட அதிகம் இயங்கியதாம். விலையைச் சொல்லாமல் பிறகு கொடுத்தபோது வித்தியாசமே தெரியவில்லை. இதைச் சொன்னதும் செட்டிகுளம் முகாமில் இருந்த ஒரு சகோதரி மெதுவாகச் சொன்னார்: "2009இலை முகாமுக்கு வந்த அண்டைக்கு ஒரு பிளாஸ்ரிக் கோப்பையிலை பிளேன்ரீ தந்தவை. என்ன தேயிலையெண்டு தெரியாது. அதுக்குப் பிறகு அப்பிடி ஒரு ருசியை நான் குடிக்கேல்லை." கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் சந்தோஷமாகப் படுத்திருப்போம். ஆனால் இரவுக் கறிக்கு எங்கள் தூளையும், கண்டியில் வாங்கிய பெயர் பெற்ற தூள் ஒன்றையும், மலிவான ஒன்றையும் போட்டு மூன்று சட்டியில் உருளைக்கிழங்குக் கறி வைப்போம் என்று நான்தான் சொன்னேன். "எங்கட தூள் எங்களுக்குத் தெரியாதே?" என்று சிரித்தார்கள். கண்ணை மூடிச் சாப்பிட்டார்கள். பதினொரு பேரில் ஐந்து பேர்தான் எங்கள் தூளைச் சரியாகச் சொன்னார்கள். நான்கு பேர் கொம்பனித் தூளை எங்களுடையது என்றார்கள். எங்கள் குழுத் தலைவி அந்த நால்வரில் ஒருவர்.

அவர் அழுதுவிட்டார். அந்தச் சோதனையை வைத்திருக்கக் கூடாது என்று எனக்கு உடனே தோன்றியது. எங்களிடம் இருக்கும் ஒரே மூலதனம் கைப்பக்குவம் என்று ஆறு மாதமாகச் சொல்லி வந்தவள் நானே.

புசல்லாவை அம்மாதான் சட்டியை இழுத்து மறுபடி நக்கிப் பார்த்தார். "இது எங்க தூள்தான். ஆனா மல்லி வறுபடல்ல. போன கிழமை மழைக்கு அவசரப்பட்டு வறுத்தது. அந்தக் கடைசி மூட்டைதான் இது." இன்னொரு சகோதரி தன் வீட்டுக்கென்று முதல் அரைத்த தூளில் ஒரு சரை கொண்டுவந்திருந்தார். நாலாவது சட்டி ஏறியது. இரவு பத்து மணி. இம்முறை மணம் எழும்போதே, வாயில் வைக்காமலே, ஒன்பது பேர் "இதுதான்" என்றார்கள்.

ஆக, எங்கள் தூளுக்கு ருசி இருந்தது. ஆனால் அது ஒரு மூட்டைக்கு இருந்தது, அடுத்த மூட்டைக்கு இல்லை. கடைக்காரர் எங்களிடம் சொல்லாமல் விட்டது ஒருவேளை இதுவாகவும் இருக்கலாம். முதல் பக்கற்றை வாங்கியவர் இரண்டாவதில் வேறொரு ருசியைக் கண்டால் மூன்றாவதற்கு ஏன் வரப்போகிறார்? பெயர் என்பது கூடிய பங்கு விளம்பரம்தான். ஆனால் அதற்குள்ளே நேற்றைப் போலவே இன்றும் இருப்பேன் என்ற ஒரு வாக்கும் இருக்கிறது. அந்த வாக்கை அச்சடித்த பக்கற் தராது.

படுக்கப் போகுமுன் சண்டை வேறு விதமாகத் தொடங்கியது. இலத்திரனியல் தராசு, பொலித்தீன் ஒட்டும் இயந்திரம், வறுக்கும் நேரத்துக்கு ஒரு மணிக்கூடு. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கரண்டி எடுத்து மூவர் கண்ணை மூடி ருசித்த பிறகே பொதி செய்வது. பக்கற்றுக்கு ஒரு நிறத்தில் சாதாரண லேபல், ஆனால் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் நிறையும் முகவரியும் பிழையில்லாமல். மிச்சக் காசுக்கு வர்ணப் பக்கற்றா இல்லையா என்பதில் இன்னும் இரண்டு கட்சிதான். நான் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். வர்ணப் பக்கற்றும் வேண்டும், ஆனால் அடுத்த வருடம் என்றேன். பாதிப்பேருக்குக் கோபம்.

அடுத்த நாள் திரும்பும் வழியில் புசல்லாவையில் இறங்கினோம். அம்மா பிறந்த லயம் இருந்த தோட்டத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். அவருடைய வீடு எது என்று அவருக்கே நிச்சயமில்லை. ஒரு வீட்டில் எங்களை உள்ளே கூப்பிட்டு, எவர் என்ன என்று கேட்குமுன்னரே, தேநீர் வைத்தார்கள். டஸ்ட் தேயிலை, இஞ்சி, கொஞ்சம் சீனி. வாசலில் இருந்து பார்த்தால் எதிர்மலை முழுக்க கொழுந்து. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"என்ன அம்மா, உங்கட அம்மா போட்ட மாதிரியோ?" என்று கேட்டேன்.

"இல்ல பிள்ளை. அம்மா போடுறது இதைவிடக் கசக்கும்" என்றார். பிறகு இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

நுவரெலியாவில் வாங்கிய அந்த அழகான பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அதை எங்கள் தூள் பைக்குள்ளேயே வைத்துவிட்டோம் என்பது வவுனியா தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தால் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் மணத்தது. எறிய மனமில்லாமல் சங்க அறையில் வைத்து, வருகிற விருந்தினருக்கு அதில்தான் தேநீர் போடுகிறோம். போன மாதம் வந்த ஓர் அதிகாரி மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "நல்ல தேயிலை பாவிக்கிறீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.